குட்டிக்காக மட்டும் பார்க்கப்படும் உடல்

நாய்க்குச் செய்யும் கருத்தடை அறுவைச் சிகிச்சையைத் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அந்தப் பெயரால் சொல்வதில்லை. "எங்க நாய்க்குக் குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சு" என்கிறார்கள். நாய்க்கு ஏது குடும்பம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஒரு பெண்ணுடலின் கருப்பையைப் பற்றிப் பேச வேண்டி வந்ததும் நம் நாக்கில் வந்து நிற்பது அரசாங்கம் சுவரில் எழுதிப் பழக்கிய சொல். கருப்பை என்றால் ஒன்று அதிலிருந்து ஏதாவது விளைய வேண்டும், அல்லது விளையாமல் தடுக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே, அந்தக் கருப்பையைச் சுமப்பவளின் நலம் என்று ஒன்று இருப்பது நம் பேச்சில் எங்குமே வருவதில்லை.

பெண் நாயின் முலைகள், பிறப்புறுப்பு, கருப்பை, சினைப்பை இவற்றை ஆண்டுக்கு ஒருமுறையாவது, அவள் நன்றாக இருக்கும்போதே, மருத்துவர் பார்க்க வேண்டும். குட்டிக்காக அல்லாமல், கருத்தடைக்காகவும் அல்லாமல், அவளுக்காகப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையின் கோரிக்கை இவ்வளவுதான். சின்னக் கோரிக்கை. ஆனால் இது ஏன் இன்னும் நம் நாட்டில் வழக்கமாகவில்லை என்று கேட்கத் தொடங்கினால், பதில் கால்நடை மருத்துவத்தோடு நிற்பதில்லை. பெண்ணுடலை யார், எப்போது, எதற்காகப் பார்க்கிறார்கள் என்ற பழைய கேள்விக்கு வந்து சேர்கிறது. இந்தத் தொகுப்பில் இதற்கு இடம் உண்டு என்று நான் நினைப்பது அதனால்தான்.

இனி நாயை 'அவள்' என்றே எழுதுகிறேன். இலக்கணம் அவளை அஃறிணையில் வைத்திருக்கிறது. ஆனாலும் தொல்காப்பிய மரபியல் பெண் நாய்க்குப் பிணவு என்றும் பாட்டி என்றும் பெயர் சொல்கிறது. அந்தப் பெயர்கள் எல்லாம் போய், இன்று அவளுக்கு மிஞ்சியிருப்பது 'பொட்டை'. பெண்ணைத் திட்டவும் அதே சொல், ஆணின் ஆண்மையைச் சந்தேகிக்கவும் அதே சொல். கார்த்திகை மாதத்தில் ஒரு பெண் நாயின் பின்னால் ஏழெட்டு ஆண் நாய்கள் அலையும். கல் விழுவது அவள் மேல். 'ஊர் மேயுது' என்ற வசவும் அவளுக்கே. தெருவில் ஈன்ற குட்டிகளில் ஆண் குட்டிகளை முதலில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். "பொட்டைன்னா வேண்டாம், குட்டி போட்டுக்கிட்டே இருக்கும்" என்று பெண் குட்டிகளை விட்டுவிடுகிறார்கள். சாக்கில் கட்டிக் குப்பைமேட்டிலோ மார்க்கெட் ஓரத்திலோ விடப்படுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். அரசு 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் இது. பெண் சிசுவையும் நாய்க்குட்டியையும் நான் ஒன்றாக்கவில்லை. பெண்ணாகப் பிறந்ததைச் செலவுக் கணக்காகப் பார்க்கிற கண் ஒன்றுதான் என்கிறேன்.

*

பெண் விலங்கின் கருப்பையை யாரும் பார்ப்பதே இல்லை என்று சொன்னால் அது பொய். கறவை மாட்டின் கருப்பையைப் பார்க்க ஊருக்கு ஊர் கால்நடை மருந்தகம் இருக்கிறது. சினை ஊசி போட ஆள் வருவார். போட்ட இரண்டு மூன்று மாதத்தில் தோள்வரை உறை மாட்டி, ஆசனவாய் வழியாகக் கையை விட்டுச் சினை பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார். பருவம் தவறினால் மருந்து, நஞ்சுக்கொடி விழாவிட்டால் மருத்துவம் என்று எல்லாம் உண்டு. பால் இருக்கும்வரை இந்தக் கவனிப்பு இருக்கும். ஊசி மேல் ஊசி போட்டும் சினை நிற்கவில்லை என்றால் மாடு சந்தைக்குப் போகும். கை உள்ளே போனது கன்றையும் பாலையும் தேடித்தான்.

நாய்களிலும் இப்படிப் பார்க்கப்படுகிறவர்கள் உண்டு. பிரீடர் வைத்திருக்கும் ஜாதி நாய்க்குப் பருவம் வந்தால், பஞ்சுக் குச்சியால் யோனிச் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் அளவைச் சோதித்து, எந்த நாளில் ஆணோடு சேர்க்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். நான்கு வாரத்தில் ஸ்கேன் எடுத்துச் சினை பார்க்கிறார்கள். கடைசி வாரங்களில் எக்ஸ்ரே எடுத்துக் குட்டிகளின் மண்டையோடுகளை எண்ணுகிறார்கள். 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனவிருத்தி, விற்பனை விதிகள், 18 மாதம் ஆகாத பெண் நாயை இனவிருத்திக்குப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது, சேர்ப்பதற்கு முன் மருத்துவரிடம் உடல்நலச் சான்று பெற வேண்டும் என்றும் சொல்கின்றன. நல்ல விதிகள்தான், நடைமுறையில் எத்தனை பிரீடர்கள் மதிக்கிறார்கள் என்பது வேறு கதை. ஆனால் அந்தச் சான்று எப்போது கேட்கப்படுகிறது என்று பாருங்கள். அவள் குட்டி போடப்போகிறாள் என்ற நிலையில் கேட்கப்படுகிறது.

பஞ்சுக் குச்சியும் ஸ்கேனும் அதே கிளினிக்கில்தான் இருக்கின்றன. வீட்டில் சும்மா இருக்கும் ஏழு வயதுப் பெண் நாயின் கருப்பை எப்படி இருக்கிறது என்று பார்க்கவும் அவை போதும். கருவி இல்லாத குறை எதுவும் இங்கே இல்லை. இந்தப் பெண்ணுடலில் எடுக்க ஒன்றுமில்லை என்றால் பார்க்கவும் ஒன்றுமில்லை என்ற மனப்பான்மைதான் குறை.

இந்த மனப்பான்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் புல்டாக் ஒரு சாட்சி. பிரிட்டனில் இன நாய்களின் பிரசவங்களைப் பற்றி 2010-இல் வந்த ஆய்வில், பாஸ்டன் டெரியர், புல்டாக், பிரெஞ்ச் புல்டாக் ஆகிய மூன்று இனங்களிலும் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈற்றுகள் சிசேரியன் வழியாகவே நடந்தன. மனிதர் ரசனைக்காகத் தலையைப் பெரிதாக்கி இடுப்பைக் குறுக்கி, கத்தி இல்லாமல் ஈன முடியாத ஒரு தாயை உருவாக்கியிருக்கிறோம். அந்த அறுவையை வெற்றி என்று குறிப்பது எத்தனை குட்டி பிழைத்தது என்ற எண்ணிக்கையைக் கொண்டு.

*

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். இந்த அறியாமைக்கு உயிர்கள் போகின்றன.

பெண் நாய்க்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் முதல் பருவம் வரும். பெரிய இனங்களில் இன்னும் தள்ளிப்போகலாம். அதன்பின் ஏறக்குறைய ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை வரும். மாதவிடாய் நிற்பதுபோல நிற்பதும் கிடையாது, கிழவியானாலும் பருவம் வந்துகொண்டிருக்கும். பருவத்தின் தொடக்கத்தில் உதிரம் வடியும். நம் வீடுகளில் இதை 'பீரியட்ஸ்' என்கிறார்கள். தீட்டு என்று பின்கட்டில் கட்டிப்போடும் வீடுகளும் உண்டு. ஆனால் இது மாதவிடாய் அல்ல. பெண்களுக்குக் கரு உண்டாகாத மாதத்தில் கருப்பையின் உட்சுவர் கழிந்து ரத்தம் வருகிறது. நாய்க்கு முட்டை வெளிவருவதற்கு முன்பே ரத்தம் வருகிறது. உதிரம் வெளுத்துக் குறையும்போதுதான் அவள் ஆணை ஏற்கும் நாட்கள் தொடங்குகின்றன. 'பீரியட்ஸ் முடிஞ்சிருச்சு' என்று அவிழ்த்துவிடும் நாள் பல வீடுகளில் சரியாக அந்த நாளாக இருக்கிறது. பிறகு 'ஊர் மேஞ்சுட்டு வந்துருச்சு' என்று பழி அவள் மேல் விழுகிறது.

இந்தப் பெயர்க் குழப்பம் இதைவிடக் கொடுமையான இடத்துக்கும் போகிறது. பருவம் முடிந்தபின், சினையானாலும் ஆகாவிட்டாலும், இரண்டு மாதம்போல அவள் உடலில் புரோஜெஸ்டிரோன் உயர்ந்தே இருக்கும். அது கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்யும், கருப்பை வாயை மூடும், உள்ளே எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும். பருவத்தின்போது உள்ளே நுழைந்த கிருமி அங்கேயே பெருகினால் கருப்பை சீழ்ப் பையாகிவிடும். மருத்துவத்தில் பயோமெட்ரா என்பார்கள். பெரும்பாலும் நடுவயது தாண்டியவளுக்கு, பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் வரும். கருப்பை வாய் திறந்திருந்தால் சீழும் ரத்தமும் வடியும். வீட்டில் இருப்பவர்கள் 'மறுபடி பீரியட்ஸ்' என்று நினைத்துக்கொள்வார்கள். வாய் மூடியிருந்தால் வெளியே எதுவும் தெரியாது. தண்ணீர் நிறையக் குடிப்பாள், வெயில் என்று விட்டுவிடுவார்கள். சாப்பிட மாட்டாள், வயசாகிவிட்டது என்பார்கள். வயிறு பெருக்கும், சினையோ என்பார்கள். கொண்டுவந்து மேசையில் ஏற்றும்போது நஞ்சு ரத்தத்தில் கலந்திருக்கும்.

இது அபூர்வமான நோய் இல்லை. கருத்தடை செய்யும் வழக்கம் குறைவாக உள்ள ஸ்வீடனில் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துப் பார்த்ததில், பத்து வயதுக்குள் பெண் நாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்குப் பயோமெட்ரா வந்திருக்கிறது. முலைக்கட்டியும் இப்படித்தான். கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு வரும் கட்டிகளில் மிகுதியானது அதுதான். அவற்றில் பாதிக்குப் பாதி புற்று. அவளுக்குப் பெரும்பாலும் ஐந்து ஜோடி முலைகள். பின்கால்களுக்கு அருகே உள்ள கடைசி இரண்டு ஜோடிகளில் கட்டி அதிகம் வரும். மிளகு அளவில் இருக்கும்போது விரலுக்குத் தட்டுப்படும், எடுத்துவிடலாம். மூன்று சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். மிளகுக்கும் எலுமிச்சைக்கும் இடையில் பல மாதங்கள் இருக்கின்றன. அந்த மாதங்களில் அவள் வயிற்றை யாரும் தடவிப் பார்க்கவில்லை என்பதுதான் நடந்தது.

தெருவில் இருப்பவளுக்கு இன்னொன்றும் இருக்கிறது. புணர்ச்சியின் வழி ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குப் புற்றுச் செல்லே நேராகத் தொற்றிக்கொள்ளும் கட்டி அது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு நாயின் உடலில் தோன்றி, அந்த நாய் செத்த பிறகும் மற்ற உடல்களில் குடியேறி இன்றுவரை வாழ்கிறது. ஆணுக்கு வந்தால் சீக்கிரம் கண்ணில் படும். பெண்ணுக்கு உள்ளே ஒளிந்திருக்கும், சொட்டுச் சொட்டாக ரத்தம் மட்டும் வரும். தெரு அதைப் பார்த்துவிட்டு 'இதுக்கு எப்பவும் ஹீட்டுதான்' என்று சொல்லிக் கல்லை எடுக்கும். வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி, சில வாரங்கள் போட்டால் பெரும்பாலும் குணமாகிவிடக் கூடிய நோய் அது.

*

இந்த இடத்தில் எல்லா வீட்டிலும் வரும் ஒரு வாக்கியம் இருக்கிறது: "ஒரு தடவை குட்டி போட்டா எல்லாம் சரியாயிடும்." பருவம் முடிந்து சில வாரத்தில், சினையே இல்லாமல் முலை கனத்துப் பால் கட்டுவது பெண் நாய்களுக்குச் சகஜம். துணியையும் பொம்மையையும் குட்டியாக நினைத்துக் காவல் காப்பாள், சோறு தின்ன மாட்டாள். உடனே தீர்ப்பு வந்துவிடும்: தாய்மைக்கு ஏங்குகிறாள், ஒருமுறை ஈனவிடுங்கள். ஈனவிட்டால் இந்த முறை நிஜக் குட்டிகள் இருக்கும், அவ்வளவுதான். அடுத்த பருவத்தில் அதே ஹார்மோன், அதே வேலையைச் செய்யும்.

இந்த வாக்கியத்தை நாம் வேறெங்கும் கேட்டதில்லையா? வலியில் சுருண்டு கிடக்கும் பதினேழு வயதுப் பெண்ணிடம், "கல்யாணம் ஆகி ஒரு குழந்தை பொறந்தா சரியாயிடும்" என்று சொல்லாத குடும்பம் உண்டா? சினைப்பை நீர்க்கட்டிக்கும் அதே மருந்து, எண்டோமெட்ரியோசிஸுக்கும் அதே மருந்து. பிரசவத்தைச் சிகிச்சையாக எழுதிக்கொடுக்கும் சமூகத்துக்கு நோயைப் பரிசோதிக்கத் தேவை ஏற்படுவதே இல்லை. நாய் விஷயத்தில் நாம் சொல்வது புதிதாகக் கண்டுபிடித்த மூடநம்பிக்கை இல்லை. வீட்டில் ஏற்கெனவே இருந்ததை அவளுக்கும் போட்டோம்.

பெண் நாயின் முலையைத் தடவிப் பார்க்கும் வழக்கம் உலகத்தில் ஓரிடத்தில் மிகக் கறாராக நடந்திருக்கிறது. அது ஆய்வுக்கூடம். பெண்களுக்கான கருத்தடை ஊசி டெப்போ புரோவேராவைப் பெண் பீகிள் நாய்களுக்குப் போட்டுச் சோதித்தார்கள். அவற்றுக்கு முலைக்கட்டிகள் வந்தன. கட்டிகள் எண்ணப்பட்டு அறிக்கைகளில் ஏறின. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1978-இல் இந்த ஊசிக்கு அனுமதி மறுத்ததற்கு அந்தக் கட்டிகளும் ஒரு காரணம். பீகிளின் உடல் வேறு, அதை வைத்துப் பெண்களைப் பற்றி முடிவெடுக்க முடியாது என்று ஊசியின் ஆதரவாளர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். 1992-இல் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் 1993-இல் விற்பனைக்கு வந்தது, 2017-இல் 'அந்தரா' என்ற பெயரில் அரசுத் திட்டத்திலும் சேர்ந்தது. இதே போன்ற நெட்-என் ஊசியை எதிர்த்து ஹைதராபாத்தின் ஸ்திரீ சக்தி சங்கட்டனா 1986-இல் உச்ச நீதிமன்றத்துக்கே போனது. பெண்கள் மேல் அறிவிக்காமல் மருந்து சோதிக்கப்படுவதை எதிர்த்த அந்தப் போராட்டத்தை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அதற்கு முன்னால் மேசையில் கிடந்த பீகிள்களை நினைப்பதில்லை. அவள் முலைக்கட்டி நம்மைக் காக்கும் சாட்சியமாக இருந்தது, பிறகு வணிகத்துக்கு இடைஞ்சலானது, கடைசியில் தள்ளுபடி ஆனது. அவளுக்கு வந்த நோயாக அதை யாரும் எண்ணவில்லை.

இதில் ஒரு கசப்பான மிச்சமும் இருக்கிறது. நாயின் பருவத்தை நிறுத்த இதே வகை ஹார்மோன் ஊசியைப் போடும் வழக்கம் இருக்கிறது. கருப்பைச் சீழையும் முலைக்கட்டியையும் அது கூட்டும் என்பது கால்நடை மருத்துவப் பாடநூல் சொல்லும் செய்தி. ஊசியைக் கேட்டு வருகிறவரிடம் இதைச் சொல்வதும், போடுவதற்கு முன் அவளை முழுதாகப் பரிசோதிப்பதும் மருத்துவரின் கடமை. பீகிள்கள் கற்றுக்கொடுத்ததை நாய்களுக்காவது பயன்படுத்தலாமே.

*

இனி நமக்குள்ளேயே எழும் கேள்விக்கு வருகிறேன். கட்டாயக் கருத்தடையை எதிர்த்த பெண்ணியம், தெருநாய்களைப் பிடித்துக் கருப்பையை அறுத்தெடுக்கும் திட்டத்தை எப்படி ஆதரிக்க முடியும்?

நான் அந்தத் திட்டத்தை ஆதரிக்கிறேன். அதற்கு முன் இருந்தது என்னவென்று சென்னைக்குத் தெரியும். மாநகராட்சி நாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுகொண்டிருந்தது. ப்ளூ கிராஸ் போன்ற அமைப்புகள் நீண்ட காலம் வற்புறுத்தியபின், 1996-இல்தான் கொல்வதை விட்டுக் கருத்தடைக்கு மாறியது. தெருவில் ஆண்டுக்கு இரண்டு ஈற்று, பாதிக்கு மேல் சாகும் குட்டிகள், பால் வற்றி எலும்பாகும் தாய் என்பதை விட அறுவை அவளுக்கே நல்லது. கருப்பையை எடுத்தவளுக்குப் பயோமெட்ரா பயம் ஏறக்குறைய இல்லை. நாயிடம் சம்மதம் கேட்க முடியாது, உண்மை. அதனால்தான் அவளுக்காக முடிவெடுக்கும் நம் பொறுப்பு கூடுகிறது.

நான் சண்டை போடுவது திட்டம் நடக்கும் முறையோடு. இந்தத் திட்டத்தில் எத்தனை அறுவை நடந்தது என்று சரிபார்க்க, வெட்டியெடுத்த கருப்பைகளையும் சினைப்பைகளையும் விதைகளையும் மருந்துநீரில் போட்டு வைத்து எண்ணுகிறார்கள். பொய்க் கணக்கைத் தடுக்க அது தேவைப்படலாம். ஆனால் கருப்பை ரசீதாகிவிட்ட இடத்தில், அந்தக் கருப்பை இருந்த உடல் என்ன நிலையில் இருந்தது என்று யார் எழுதுகிறார்கள்? எடுக்கும்போது கருப்பையில் சீழ் இருந்ததா? முலையில் கட்டி இருந்ததா? உள்ளே அந்தத் தொற்றுக்கட்டி இருந்ததா? வலிநிவாரணி கொடுத்தார்களா? தையல் ஆறியபின் பார்த்தார்களா? இலக்கு வைத்து எண்ணும் முகாமில் உடலுக்கு என்ன நேரும் என்பது நமக்குத் தெரியாததல்ல. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், ஒரே நாளில் ஒரே முகாமில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் கருத்தடை செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த முகாமின் தர்க்கம் நாய்க்கூண்டிலும் இருக்கக் கூடாது என்று சொல்ல, முகாமை அனுபவித்த நம்மைவிடத் தகுதியானவர்கள் யார்?

கத்தி யார் மேல் விழுகிறது என்பதையும் கேட்க வேண்டும். ஆண் நாய்க்கு விதை எடுப்பது வயிற்றைத் திறக்காத சின்ன அறுவை. பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். ஆனாலும் "ஆம்பளை நாயை அறுக்க மனசு வரலை" என்று சொல்லிவிட்டுப் போகிற ஆண்களை எந்தக் கிளினிக்கிலும் பார்க்கலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் கருத்தடை அறுவையை நம்பியிருப்போர் 38 விழுக்காட்டுக்கு அருகே. ஆண்களின் அறுவையை நம்பியிருப்போர் 0.3 விழுக்காடு. மனசு வராதது நாய்க்காக மட்டும் இல்லை.

'கருத்தடை செய்துவிட்டால் போதும், பரிசோதனை எதற்கு' என்பது அடுத்த வாதம். போதாது. பல ஆண்டு கழித்துக் கருத்தடை செய்தவளுக்கு முலைக்கட்டி வரும் வாய்ப்பு இருக்கவே இருக்கிறது. சினைப்பையின் துணுக்கு உள்ளே தங்கிவிட்டால் பருவமும் திரும்பும், மிச்சக் கருப்பையில் சீழும் பிடிக்கும். சிலருக்கு நாளடைவில் சிறுநீர் தானாகக் கசியும். எப்போது கருத்தடை செய்வது என்பதும் ஒரே விடை உள்ள கேள்வி இல்லை. முதல் பருவத்துக்கு முன் செய்தால் முலைக்கட்டி மிக மிகக் குறையும் என்று 1969-இல் வந்த ஓர் ஆய்வை இன்றும் எல்லோரும் சொல்கிறார்கள். அந்தச் சான்று நினைத்த அளவு வலுவானதில்லை என்று 2012-இல் வந்த மறுபரிசீலனை காட்டியது. லாப்ரடார், ராட்வைலர் போன்ற பெரிய இனங்களில் மிகச் சீக்கிரம் செய்தால் மூட்டுக் கோளாறு கூடுகிறது என்கின்றன பின்வந்த ஆய்வுகள். ஆகவே இந்த நாய்க்கு, இந்த உடலுக்கு, எப்போது என்று கேட்க வேண்டும். அதற்கு முதலில் அவளைப் பார்க்க வேண்டும்.

மிகக் கடுமையான எதிர்வாதம் வேறொன்று. குழந்தைகளைத் தெருநாய் கடிக்கிறது, வெறிநோயில் ஏழைகள் சாகிறார்கள், இங்கே நாயின் கருப்பைக்கு வக்காலத்தா? கடியின் வலி யார் வீட்டில் விழுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. காரில் போகிறவர்களை நாய் கடிப்பதில்லை. அதிகாலையில் தெருக் கூட்டப் போகும் தூய்மைப் பணியாளரையும், வாசலில் விளையாடும் குழந்தையையும்தான் கடிக்கிறது. 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டு, சில நாட்களில் அதை மாற்றியபோது, நாடே இரண்டாகப் பிரிந்து கத்தியது. நாய்களைத் தூக்கு என்றது ஒரு பக்கம், நாய்களை விடு என்றது மறுபக்கம். தெருவில் பெருகும் நாய்களில் ஒவ்வொன்றும் ஒரு தாயின் உடலில் இருந்து வந்தது. அந்தத் தாயைப் பருவத்துக்கு முன்பே அடையாளம் கண்டு, பரிசோதித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, மறுபடி வந்து பார்க்கும் மருத்துவம் இருந்தால் குட்டிகளும் குறையும், கடியும் குறையும். குட்டியைக் காக்கும் தாய் கடிப்பாள் என்பது தெருவில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். அவள் நலமும் குழந்தையின் நலமும் எதிரெதிரே நிற்கவில்லை.

*

கடைசியாக, இதையெல்லாம் யார் கவனிக்கப்போகிறார்கள் என்ற கேள்வி. இப்போதே கவனிப்பது பெண்கள்தான். நாயை வாங்கி வருவது மகனாகவோ கணவனாகவோ இருக்கும். தரையில் சொட்டிய உதிரத்தைத் துடைப்பது அம்மா. தண்ணீர்க் கிண்ணம் இரண்டு நாளாகச் சீக்கிரம் காலியாகிறது என்று முதலில் கவனிப்பவளும் அவள். கிளினிக்கில் டாக்டர் முகம் பார்த்துப் பேசுவது பணம் கொடுக்கும் ஆணிடம். வாசலில் நிற்கும் அவளிடம் கேட்டால் கடைசிப் பருவம் எந்த வாரம் என்று சரியாகச் சொல்வாள். யாரும் கேட்பதில்லை.

அவள் உடலையும் யாரும் கேட்பதில்லை. அதே தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பிரசவங்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவமனையில் நடக்கின்றன. பெருமைப்பட வேண்டிய எண். அதே ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது கருப்பை வாய்ப் புற்றுக்குப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. மார்பகப் பரிசோதனை அதிலும் குறைவு. குழந்தை உள்ளே இருக்கும்வரை ஆஷாவும் கிராம செவிலியரும் அட்டையோடு வாசலுக்கு வருவார்கள். குழந்தை வெளியே வந்து, கருத்தடையும் முடிந்துவிட்டால், அந்தக் கருப்பை அரசாங்கத்துக்கும் குடும்பத்துக்கும் மறந்துபோகிறது. மாடு, நாய், பெண் என்று நான் படிக்கட்டு கட்டவில்லை. விளைச்சல் முடிந்ததும் வயலைப் பார்க்க வராத அதே ஆள் மூன்று இடத்திலும் இருக்கிறான் என்கிறேன்.

அதனால் கேட்கிறேன். ஜூலை 6 அன்று கால்நடை மருந்தகங்களில் வெறிநோய்த் தடுப்பூசி இலவசமாகப் போடுகிறார்கள். நாய் மேசைமேல்தான் நிற்கிறாள். ஊசி போட்ட கையோடு அக்குளிலிருந்து தொடை இடுக்குவரை இரண்டு வரிசை முலைகளையும் விரலால் ஒருமுறை உருட்டிப் பார்க்கட்டும். வாலைத் தூக்கிப் பிறப்புறுப்பில் கசிவோ வளர்ச்சியோ இருக்கிறதா என்று பார்க்கட்டும். வயிற்றை அமுக்கிப் பார்க்கட்டும். கடைசிப் பருவம் எப்போது, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறாள் என்று கூட வந்த பெண்ணிடம் கேட்டு, தடுப்பூசி அட்டையிலேயே எழுதட்டும். சில நிமிட வேலை. நடுவயதைத் தாண்டியவளுக்கு, பருவம் முடிந்த இரண்டாவது மாதத்தில் ஒரு ஸ்கேன் வழக்கமாகட்டும். மாநகராட்சிக் கருத்தடை மையங்களில் கருப்பையை எண்ணும் பதிவேட்டுக்குப் பக்கத்திலேயே, அந்த உடலில் கண்ட நோய்களுக்கும் ஒரு பத்தி இருக்கட்டும். வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் மாதம் ஒருமுறை அவளைக் குளிப்பாட்டும்போது விரலுக்கு ஏதாவது தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். நாட்காட்டியில் பால்கணக்கு எழுதும் இடத்தில் அவள் பருவம் தொடங்கிய தேதியையும் எழுதுங்கள்.

எழுதும்போது உங்கள் பெயரையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உங்களைக் கடைசியாக ஒரு மருத்துவர், கர்ப்பம் எதுவும் இல்லாத நாளில், உங்களுக்காக மட்டும் பார்த்தது எந்தத் தேதி என்று.